சிறுநகரம் வளரும்போது கடைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளர்ந்துவரும் சிறுநகரங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் கடை வைத்திருப்பவர்கள், வீடு வாங்கியவர்கள், நகரமன்ற உறுப்பினர்கள் என்று பலரும் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். சிறுநகரம் என்று நான் சொல்வது ஐம்பதாயிரம் முதல் மூன்று லட்சம் பேர் வரை வாழும் நகரத்தையும், அதையே நம்பியிருக்கும் சுற்றுவட்டார ஊர்களையும் சேர்த்துத்தான்.

மக்கள்தொகை ஏறினால் கடைகள் தானாக வந்துவிடும்தானே?

வரும். ஆனால் தாமதமாக வரும், எல்லாக் கடைகளும் வராது. கடைக்காரர் தலைகளை எண்ணுவதில்லை, குடும்பங்களையும் அவர்கள் கையில் செலவுக்கு மிஞ்சும் பணத்தையும் எண்ணுகிறார். ஒரு லட்சம் பேர் உள்ள நகரம் ஆண்டுக்கு 2 சதவீதம் வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்கும்போது வேகமான வளர்ச்சி போலத் தோன்றும். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 2,000 பேர், வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 500 குடும்பங்கள். இதே வேகத்தில் போனால் நகரம் இரட்டிப்பாக சுமார் 35 ஆண்டுகள் ஆகும். அந்த 500 குடும்பங்களுக்காக மட்டும் யாரும் பெரிய பேரங்காடி கட்டமாட்டார்கள். சில மளிகைக் கடைகளும் ஒரு மருந்துக்கடையும் வரலாம்.

வருகிறவர்களின் வருமானமும் முக்கியம். வருமானம் கூடக்கூட அதில் உணவுக்குப் போகும் பங்கு குறைகிறது என்பதை எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் 1857-லேயே காட்டினார். அதனால் வருமானம் குறைந்த 500 குடும்பங்கள் வந்தால் மளிகை வியாபாரம் கூடும். நல்ல சம்பளக்காரர்கள் 500 குடும்பங்கள் வந்தால் மரச்சாமான், மின்சாதனம், உணவகம் எல்லாம் கூடும். மக்கள்தொகைப் பட்டியலில் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் தெரியும்.

சரி, எத்தனை பேர் இருந்தால் ஒரு பெரிய கடை வரும்? ஒரு எண் சொல்லுங்கள்.

ஒரே எண் கிடையாது. ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு எண் உண்டு. வால்டர் கிறிஸ்டாலர் என்ற ஜெர்மானியப் புவியியலாளர் தெற்கு ஜெர்மனியின் ஊர்களை ஆராய்ந்து 1933-இல் இதை விளக்கினார். ஒரு கடை நட்டமில்லாமல் நடக்கக் குறைந்தபட்சம் இத்தனை வாடிக்கையாளர்கள் வேண்டும், அந்தச் சரக்குக்காக மக்கள் அதிகபட்சம் இவ்வளவு தூரம் வருவார்கள். இந்த இரண்டும்தான் அளவுகோல். பாலுக்கு இரண்டுமே சிறியவை, நகைக்கு இரண்டுமே பெரியவை. அதனால்தான் பால் கடை எல்லா ஊரிலும் இருக்கிறது, பெரிய நகைக்கடை சில நகரங்களில் மட்டும் இருக்கிறது.

இன்னொரு விஷயம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். முதல் கடைக்கு வேண்டிய மக்கள்தொகையைப் போல இரண்டு மடங்கு இருந்தால் இரண்டாவது கடை வந்துவிடும் என்று நினைக்கிறோம். அது சரியில்லை. டிமதி பிரஸ்னஹான், பீட்டர் ரைஸ் என்ற பொருளியலாளர்கள் அமெரிக்காவின் ஒதுக்குப்புறச் சிற்றூர்களை வைத்து 1991-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் மருந்துக்கடைக்குச் சுமார் 500 பேர் போதும் என்றிருந்தது, இரண்டாவதற்கோ 2,000 பேருக்கு மேல் தேவைப்பட்டது. போட்டி வந்தவுடன் விலை இறங்கும், லாபம் மெலியும், அதைத் தாங்க ஒவ்வொரு கடைக்கும் கூடுதல் ஆட்கள் வேண்டும். இந்த எண்களை அப்படியே எடுத்து வேறு ஊருக்குப் பொருத்தக் கூடாது. ஆனால் இரட்டிப்பு போதாது என்ற உண்மையை எந்த ஊரிலும் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

நகராட்சி எல்லைக்குள் இருக்கும் மக்கள்தொகையைத்தானே பார்க்க வேண்டும்?

இல்லை. வாடிக்கையாளருக்கு நகராட்சி எல்லை எங்கே முடிகிறது என்பது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. பார்க்க வேண்டியது, எந்தெந்த ஊர்க்காரர்கள் இங்கே வந்து வாங்குகிறார்கள் என்பதை. 80,000 பேர் உள்ள நகரத்தை இரண்டரை லட்சம் பேர் தங்கள் கடைத்தெருவாக வைத்திருக்கலாம். அதே அளவுள்ள இன்னொரு நகரம் தன் மக்களையே பக்கத்து நகரத்திடம் இழந்துகொண்டிருக்கலாம்.

இரண்டு நகரங்களுக்கு நடுவே வாடிக்கை எங்கே பிரிகிறது என்பதைத் தோராயமாகக் கணிக்க ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. நகரங்கள் வாடிக்கையாளரை ஈர்ப்பதைப் பற்றி வில்லியம் ரெய்லி 1931-இல் தந்த விதியிலிருந்து பால் கன்வர்ஸ் பின்னர் உருவாக்கியது. பெரிய நகரத்தின் மக்கள்தொகையைச் சிறியதன் மக்கள்தொகையால் வகுத்து, அதற்கு வர்க்கமூலம் கண்டு, ஒன்றைக் கூட்டுங்கள். இடைத்தூரத்தை அந்த எண்ணால் வகுத்தால் சிறிய நகரத்திலிருந்து எல்லை எவ்வளவு தூரம் என்பது கிடைக்கும். நான்கு லட்சம் பேர் உள்ள நகரமும் ஒரு லட்சம் பேர் உள்ள நகரமும் 60 கிலோமீட்டர் இடைவெளியில் இருந்தால், வகுத்து வருவது 4, வர்க்கமூலம் 2, ஒன்றைக் கூட்டினால் 3. ஆக, சிறிய நகரத்தின் பிடி 20 கிலோமீட்டரோடு முடிகிறது.

நிஜத்தில் இது கோடு கிழித்த மாதிரி இருக்காது. ஒரே வீட்டில் ஒருவர் இங்கும் ஒருவர் அங்கும் வாங்குவார்கள். 1960-களில் டேவிட் ஹஃப் அதைச் சரிசெய்து, கடையின் பரப்பளவையும் பயண நேரத்தையும் வைத்து, ஒருவர் எந்தக் கடைக்குப் போக எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடும் முறையைக் கொடுத்தார். கடை நிறுவனங்கள் இடம் தேடும்போது இந்த வழியில் வந்த கணக்குகளை இன்றும் போடுகின்றன.

கணக்கெடுப்பு பழசாகிவிட்டது. இப்போது எத்தனை பேர் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வீட்டு மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு, தொடக்கப்பள்ளிச் சேர்க்கை, கட்டட அனுமதி ஆகியவை மக்கள்தொகையின் நிழல் மாதிரி. ஒன்றை மட்டும் நம்பாமல் மூன்றையாவது சேர்த்துப் பாருங்கள். வீட்டு இணைப்பு ஏறி, பள்ளிச் சேர்க்கை ஏறவில்லை என்றால், வந்தவர்கள் தனியாக இருக்கும் இளைஞர்களாகவோ ஓய்வு பெற்றவர்களாகவோ இருக்கலாம், அல்லது வீடுகள் முதலீட்டுக்காக வாங்கப்பட்டுப் பூட்டிக் கிடக்கலாம். கடைக்காரருக்கு இது பெரிய வித்தியாசம். வேலைக்கும் படிப்புக்கும் மருத்துவமனைக்கும் பகலில் வந்து போகிறவர்களைத் தனியாக எண்ணுங்கள். சாப்பாட்டுக் கடைகளும் மருந்துக்கடைகளும் பாதி அவர்களை நம்பித்தான் நடக்கின்றன.

பக்கத்திலேயே பெரிய நகரம் இருக்கிறது. அது எங்கள் கடைகளை விழுங்கிவிடுமா?

தினசரிச் சரக்கை விழுங்காது. ஆண்டுக்கு ஒருமுறை வாங்கும் சரக்கை ஓரளவு விழுங்கும். நல்ல சாலை வந்தால் இன்னும் கொஞ்சம் விழுங்கும். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் பலர் யோசிப்பதில்லை. புதிய நெடுஞ்சாலை வந்தால் நமக்கு வாடிக்கையாளர்கள் வருவார்கள் என்று நம்புகிறோம். ஆனால் சாலை இரண்டு பக்கமும் போகிறது. ஒன்றரை மணி நேரப் பயணம் நாற்பது நிமிடமாகும்போது பெரிய நகரத்தின் துணிக்கடை நம் வாசலுக்கு வந்துவிடுகிறது.

எவ்வளவு பணம் வெளியே போகிறது என்பதை அளக்க எளிய வழி உண்டு. உங்கள் பகுதியில் ஒரு சரக்கின் மொத்த விற்பனையை மக்கள்தொகையால் வகுங்கள். வருவதை மாநில அளவில் தலைக்கு ஆகும் விற்பனையால் மறுபடி வகுங்கள், வருமான வித்தியாசத்தையும் கணக்கில் எடுங்கள். ஒன்றுக்கு மேல் வந்தால் வெளியார் இங்கே வந்து வாங்குகிறார்கள், கீழே வந்தால் உள்ளூர்ப் பணம் வெளியே போகிறது. சரக்குவாரியாகப் பார்க்க வேண்டும். மொத்தமாகப் பார்த்தால், கட்டுமானப் பொருளில் வந்த லாபம் துணியில் போன நட்டத்தை மறைத்துவிடும்.

ஒரே மாதிரி கடைகள் ஏன் பக்கத்துப் பக்கத்திலேயே வருகின்றன? முட்டாள்தனம் இல்லையா?

இல்லை. ஒரே தெருவில் போட்டியிடும் இருவர் ஏன் நடுவை நோக்கி நகர்ந்து ஒட்டி நிற்பார்கள் என்பதை ஹெரால்ட் ஹோட்டலிங் என்ற பொருளியலாளர் 1929-இல் கணக்காகவே காட்டினார். அப்புறம், ஒப்பிட்டு வாங்கும் சரக்குக்கு இது வாடிக்கையாளருக்கும் வசதி. பத்துத் துணிக்கடைகள் சேர்ந்து இருந்தால் மக்கள் 40 கிலோமீட்டர் தாண்டி வருவார்கள். ஒற்றைக் கடைக்கு அப்படி வரமாட்டார்கள். பாலுக்கும் தீப்பெட்டிக்கும் இது பொருந்தாது.

ஒரு பெரிய மால் கட்டிவிட்டால் மக்கள் குடிவருவார்களா?

பெரும்பாலும் இல்லை. வேலை முதலில், வேலைக்காக மக்கள், மக்களுக்காகக் கடை என்பதுதான் வழக்கமான வரிசை. வெளியிலிருந்து பணத்தைக் கொண்டுவருபவை தொழிற்சாலை, பல்கலைக்கழகம், பெரிய மருத்துவமனை, வேளாண் விளைபொருள் சந்தை போன்றவை. கடைகள் அந்தப் பணத்தை ஊருக்குள் சுற்றவிடுகின்றன. சுற்றுவதும் முக்கியம்தான், ஆனால் ஊற்று வேறு இடத்தில் இருக்கிறது. இதற்கு விலக்கும் உண்டு. முன்பு சொன்ன கணக்கில் ஒன்றைத் தாண்டி நிற்கும் நகரத்துக்குக் கடைத்தெருவே ஒரு தொழில்தான், வெளியார் பணம் அதன் வழியாக உள்ளே வருகிறது.

மால் என்ற எண்ணத்தின் தொடக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் எடைனா என்ற ஊரில் 1956-இல் திறந்த சவுத்டேல், முழுக்கக் கூரைக்குள் குளிரூட்டப்பட்ட முதல் மால் என்று அறியப்படுவது. அதை வடிவமைத்த விக்டர் க்ரூயன் கனவு கண்டது வீடு, பள்ளி, பூங்கா, மருத்துவ வசதி எல்லாம் சூழ்ந்த ஒரு புதிய ஊர்நடுவை. கடைகள் எழுந்தன. அவர் நினைத்த ஊர் எழவில்லை, சுற்றிலும் கார் நிறுத்துமிடம்தான் பரவியது. தன் எண்ணத்திலிருந்து கிளைத்த மால்களைப் பிற்காலத்தில் அவரே ஏற்க மறுத்தார். கடையை மட்டும் கட்டிவிட்டு ஊர் தானாக வந்து சேரும் என்று காத்திருப்பவர்களிடம் இதைச் சொல்ல விரும்புகிறேன்.

பெரிய கடை வந்தால் ஐந்நூறு பேருக்கு வேலை என்கிறார்கள். நம்பலாமா?

அந்தக் கட்டடத்துக்குள் அத்தனை பேர் வேலை செய்வார்கள் என்பதை நம்பலாம். ஊரில் வேலை அத்தனை கூடும் என்பதை நம்ப வேண்டாம். மக்களின் செலவுத்தொகை ஒரே நாளில் பெருகுவதில்லை. புதிய கடையில் விழும் பணத்தில் பெரும்பகுதி பழைய கடைகளிலிருந்து வருவது, அங்கே ஆள் குறைவார்கள். எமெக் பாஸ்கர் என்ற பொருளியலாளர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்க மாவட்டங்களில் வால்மார்ட் என்ற பெரிய கடை நிறுவனம் நுழைந்ததைப் பற்றியது. கடை வந்த ஆண்டில் சில்லறை வணிகத்தில் சுமார் 100 வேலைகள் கூடின. அடுத்த ஐந்து ஆண்டுகளில் மற்ற கடைகள் மூடியதாலும் சுருங்கியதாலும் அதில் பாதி கரைந்தது. கடைகளுக்குச் சரக்கு கொடுக்கும் மொத்த வியாபாரிகளிடமும் கொஞ்சம் வேலை போனது.

மக்கள்தொகை வளரும் இடத்தில் இந்தக் கரைவு மெதுவாக இருக்கும், ஏனென்றால் புதிய குடும்பங்களின் செலவு இடைவெளியை நிரப்பும். தேங்கி நிற்கும் ஊரில் ஒரு கடையின் வரவு இன்னொரு கடையின் இழப்பு.

பழைய கடைத்தெரு செத்துவிடுமா?

எது என்ன விற்கிறது என்பதைப் பொறுத்தது. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கென்னத் ஸ்டோன், வால்மார்ட் வந்த சிறுநகரங்களை 1980-களின் இறுதியிலிருந்து பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். கடை வந்த நகரத்தில் மொத்த விற்பனை கூடியது. அதோடு மோதாத சரக்கை விற்றவர்களுக்கும் உணவகங்களுக்கும் கூட்டம் பெருகியது. அதே சரக்கை விற்றவர்கள் இழந்தார்கள். எல்லாரையும் விட அதிகம் இழந்தவை அந்தக் கடை வராத சுற்றுவட்டாரச் சிற்றூர்கள். எனக்கு இதில் அதிகம் உறுத்துவது இந்தக் கடைசி விஷயம்தான். கடை வேண்டுமா வேண்டாமா என்று நகரத்தில் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். அடி வாங்கப் போகிற கிராமத்துக் கடைக்காரரை அந்தக் கூட்டத்துக்கு யாரும் அழைப்பதில்லை.

கடைத்தெருவைக் கொல்வது பெரிய கடை மட்டும் இல்லை. பேருந்து நிலையம், பத்திரப் பதிவு அலுவலகம், நீதிமன்றம், அரசு மருத்துவமனை ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஊருக்கு வெளியே நகர்த்தினால், தினமும் அந்த வழியாக நடந்த ஆயிரக்கணக்கானவர்கள் நின்றுவிடுகிறார்கள். வேறு வேலையாக வந்தவர் போகிற போக்கில் வாங்கியதுதான் சிறிய கடைகளின் ஜீவன். பெரிய கடையைத் தடுக்கப் போராடும் பல ஊர்கள் இந்த இடமாற்றங்களைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடுகின்றன.

அழகுபடுத்தல் மட்டும் போதாது. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரம் 1959-இல் கடைத்தெருவை வாகனங்களுக்கு மூடி நடப்பவர்களுக்கு விட்டது. அமெரிக்காவில் அதுவே முதல் முயற்சி. ஏறக்குறைய நாற்பது ஆண்டு கழித்து அதன் ஒரு பகுதியை மறுபடி வாகனங்களுக்குத் திறந்தார்கள். இங்கிலாந்து வேறு வழியில் போனது. 1990-களின் நடுவில் வந்த திட்ட வழிகாட்டுதலின்படி, பெரிய கடை கட்ட விரும்புகிறவர் முதலில் நகர மையத்தில் இடம் தேட வேண்டும். இல்லையென்றால் மையத்தின் ஓரம். அதுவும் கிடைக்காது என்று காட்டிய பிறகுதான் ஊருக்கு வெளியே. இந்த வரிசை முறை எனக்கு நியாயமாகப் படுகிறது, ஏனென்றால் கடையைத் தடை செய்யாமல் இடத்தைப் பற்றி மட்டும் பேசுகிறது.

ஏன் எப்போதும் புறவழிச்சாலையில்தான் கட்டுகிறார்கள்?

ஒரே துண்டாக நிலம் கிடைக்கிறது, உரிமையாளர் ஒருவர் இருவர்தான், வண்டி நிறுத்த இடம் இருக்கிறது, சரக்கு லாரி தடையின்றி வந்து போகிறது. சுற்று ஊர்க்காரர்களுக்கு நகர நெரிசலுக்குள் நுழையாமல் வரவும் முடிகிறது. கட்டுகிறவர் பக்கத்திலிருந்து பார்த்தால் சரியான முடிவுதான். ஆனால் அங்கே சாலை அகலப்படுத்தல், வடிகால், குடிநீர், தெருவிளக்கு, பேருந்து இவற்றின் செலவு பெரும்பாலும் பொதுப் பணத்தில் விழுகிறது. வண்டி இல்லாதவர்களுக்கும் முதியவர்களுக்கும் அந்தக் கடை இருந்தும் இல்லாததுதான்.

மாலில் பெரிய கடைக்கு வாடகை குறைவாமே? சின்னவர்களிடம் கூடுதலாக வாங்குவது என்ன நியாயம்?

உண்மைதான். பீட்டர் பஷிகியனும் எரிக் கூல்டும் 1998-இல் அமெரிக்க மால்களின் வாடகையை ஆராய்ந்து, கூட்டத்தை இழுக்கும் பெரிய கடைக்குச் சதுர அடி வாடகை மிகக் குறைவு என்பதைக் காட்டினார்கள். பெரிய கடைக்கு வருகிறவர் வழியில் சிறிய கடைகளில் வாங்குகிறார். அந்தப் பலனுக்கான விலையைத்தான் சிறியவர் வாடகையாகக் கட்டுகிறார்.

கேட்க வேண்டியது வேறு. அந்தப் பெரிய கடை போய்விட்டால் என்ன ஆகும்? கூட்டத்துக்காகக் கூடுதல் வாடகை கட்டியவர், கூட்டம் இல்லாமல் அதே வாடகையைக் கட்ட நேரும். மாலில் இடம் எடுக்கிறவர்கள், முதன்மைக் கடை மூடினால் வாடகை குறையவோ தண்டம் இல்லாமல் வெளியேறவோ வழி இருக்கிறதா என்று ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மக்கள்தொகை வளர்கிறது, ஆனால் புது வளாகத்தில் பாதிக் கடை காலி. எப்படி?

ஒரே வளர்ச்சியை வளாகம் கட்டும் நான்கு பேர் தனித்தனியாகக் கணக்கில் எடுத்ததால். ஒவ்வொருவருடைய அறிக்கையிலும் அதே மக்கள்தொகை, அதே செலவுத்தொகை இருக்கும். மற்ற மூவரும் கட்டுகிறார்கள் என்பது இருக்காது. நிலம் வாங்கி, அனுமதி பெற்று, கட்டி முடிக்கச் சில ஆண்டுகள் ஆவதால், தவறு தெரியும்போது எல்லாக் கட்டடமும் எழுந்து நிற்கும். இரண்டாவது கடைக்கு இரட்டிப்பு மக்கள் போதாது என்று மேலே சொன்னதை இங்கே நினைத்துப் பாருங்கள்.

காலியாக இருந்தும் வாடகை ஏன் இறங்குவதில்லை என்றும் கேட்பார்கள். வாடகையைக் குறைத்தால் கட்டடத்தின் மதிப்பு குறையும், அதன்மேல் வாங்கிய கடனுக்குச் சிக்கல் வரும். அதனால் பல உரிமையாளர்கள் காத்திருக்கிறார்கள்.

எல்லாரும் ஆன்லைனில் வாங்குகிறார்கள். இனி கடைக்கு இடம் ஒதுக்குவது வீணா?

குறைவாக ஒதுக்கலாம், ஒதுக்காமல் இருக்க முடியாது. முடிவெட்டுவது, பல் பார்ப்பது, சாப்பிடுவது, பழுது பார்ப்பது எல்லாம் நேரில்தான் நடக்கும். அதிகம் மாறுவது, எப்போதோ வாங்கும் சரக்கு. தூரம் என்ற தடை அதற்கு ஏறக்குறைய இல்லாமல் போய்விட்டது. கட்டும்போதே தரைத்தளத்தைக் கடையாகவும் மருத்துவ அறையாகவும் அலுவலகமாகவும் மாற்ற முடிகிற மாதிரி கட்டுவது நல்லது.

எங்கள் பகுதியில் மக்கள் குறைகிறார்கள். அப்படியும் பெரிய கடை வருகிறதே?

ஜப்பான் இதை நன்றாகக் காட்டுகிறது. பெரிய கடைகளைக் கட்டுப்படுத்த அங்கே 1973-இல் வந்த சட்டம் படிப்படியாகத் தளர்ந்து, 2000-இல் வேறு சட்டத்துக்கு இடம் விட்டது. அந்த நாட்டின் மக்கள்தொகை 2008 வாக்கில் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியது, பல சிறுநகரங்களில் அதற்கும் முன்பே இறங்கிவிட்டது. அப்படியும் சாலையோரப் பெரிய கடைகள் வந்தன. குறையும் மக்களை விட வேகமாக மற்றக் கடைகளின் பங்கை எடுத்துக்கொண்டால், சுருங்கும் ஊரிலும் ஒரு கடைக்கு லாபம் உண்டு. மிச்சம் நின்றது வரிசையாக ஷட்டர் இறக்கிய கடைத்தெருக்களும், கடைக்குப் போக வழியில்லாத முதியவர்களும். டொயாமா என்ற நகரம் 2006-இல் டிராம் போன்ற இலகு ரயிலை ஓட்டி, அதன் பாதையோரமும் நகர நடுவிலும் குடியிருப்பதற்கு ஊக்கத்தொகையும் கொடுத்து, பரவிய ஊரைக் கொஞ்சம் நெருக்கமாக்க முயன்றது. மக்கள் குறையும் பகுதியில் கடையை எங்கே வைப்பது என்பதும் வீட்டை எங்கே வைப்பது என்பதும் ஒரே கேள்விதான்.

புதிய வணிகத் திட்டத்துக்குக் கருத்துக் கேட்கிறார்கள். நான் போய் என்ன கேட்பது?

வாடிக்கை வரும் என்று எந்தெந்த ஊர்களை எண்ணியிருக்கிறார்கள், அதே ஊர்களை வேறு எந்தத் திட்டம் எண்ணியிருக்கிறது என்று கேளுங்கள். விற்பனையில் எவ்வளவு புதிய குடும்பங்களிடமிருந்து, எவ்வளவு இருக்கும் கடைகளிடமிருந்து என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். வேலை எண்ணிக்கையில் இழப்பைக் கழித்தார்களா என்று கேளுங்கள். மக்கள்தொகை எதிர்பார்ப்பில் பாதிதான் வளர்ந்தால் கணக்கு நிற்குமா என்றும், சாலைக்கும் வடிகாலுக்கும் யார் பணம் கட்டுகிறார்கள் என்றும் கேளுங்கள். வண்டி இல்லாதவர் அங்கே எப்படிப் போவார், பத்து ஆண்டில் கடை மூடினால் அந்தக் கட்டடத்தை யார் என்ன செய்வார்கள் என்பதையும் விடாதீர்கள். பதில்களை எழுத்தில் கேளுங்கள். சுற்று ஊர்களிலிருந்து ஒரு கடைக்காரரையாவது கூடவே அழைத்துப் போங்கள்.